நாணல்பாக்கத்தின் கடைசி வீடு

1

வாருங்கள், வாசகப் பெருமக்களே! வந்து சாட்சியாக நில்லுங்கள். ஒரு வீட்டைக் காணவில்லை. கள்வர் கொண்டுபோகவில்லை, வெள்ளமும் கொண்டுபோகவில்லை. சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, வாசலில் துணி காய்கிறது, கொல்லையில் முருங்கை பூத்திருக்கிறது. ஆயினும் வீட்டைக் காணவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆரம்பாக்கம் போகிற இரயில் பாதையை ஒட்டி, பட்டப்பகலில், பட்டம் பெற்றவர்களின் கண் முன்னால், பல வண்ணங்களில் அச்சிட்ட ஒரு வரைபடத்திலிருந்து அது மறைந்துபோயிற்று. இந்த அநீதியைக் கண்டும் காணாததுபோல் இருக்கப் போகிறோமா, அல்லது இதை இழைத்த கொடியவனின்—

(இங்கே நிறுத்துகிறேன். கொடியவன் யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேலே நீங்கள் படித்தது ஒரு துண்டறிக்கையின் தொடக்கம். புதுவாயலிலிருந்து நண்பர்கள் சிலர் வந்து, "இரயில் சரக்கு முனையம் ஒன்று வரப்போகிறது, எதிர்த்து அனல் பறக்க எழுதித் தாருங்கள்" என்றார்கள். அனல் என்னிடம் எப்போதும் இருப்பில் உண்டு. ஆனாலும் நேரில் பார்க்காமல் எழுதுவது முறையன்று என்று புதுவாயல் கூட்டுச்சாலைக்குப் போய் நின்றேன். சாலையைக் கடக்க முடியவில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின் லாரி, அதற்குப் பின் கண்டெய்னர், அதற்குப் பின் புழுதி. தேநீர்க் கடையில் என் குவளையின் மேல் கடைக்காரர் ஒரு தட்டைக் கவிழ்த்துத் தந்தார். இந்த லாரிகளில் பாதியை ஓர் இரயில் வண்டி புகையில்லாமல் இழுத்துப் போகுமென்றால், அதை எதிர்த்து எந்த வாயால் எழுதுவது?

துண்டறிக்கைக்கு ஓர் எதிரி வேண்டும். எனக்கு எதிரி கிடைக்கவில்லை. ஆகவே இது கதையாயிற்று.

2

கதையில் ஊசலாடும் பொருள் ஒன்றே ஒன்று: கிரேஸின் வீடு.

கிரேஸ் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் பொருள்களைப் பெட்டியிலிட்டு ஒட்டும் வேலை செய்பவர். அவருடைய பெற்றோர் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். கிரேஸும் கணவரும் இரண்டு சம்பளத்தில் செங்கல் செங்கலாக எழுப்பிய வீடு, நாணல்பாக்கம் காலனியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. (காலனி என்ற சொல்லை அரசே கைவிடுவதாக அறிவித்துவிட்டது. ஊரின் வாய் இன்னும் கைவிடவில்லை. ஆகையால் நானும் வேறு வழியின்றி எழுதுகிறேன்.)

ஊர் மேட்டில் இருக்கிறது. காலனி பள்ளத்தில் இருக்கிறது. ஏன் அப்படி என்று விளக்க என்னிடம் ஒரு மணி நேரச் சொற்பொழிவு உள்ளது. உங்களுக்கும் அது தெரிந்ததே என்பதால் விட்டுவிடுகிறேன். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர், காலனியை உரசிக்கொண்டு ஓடையில் இறங்கி, குணசுந்தரி என்பவரின் கழனியில் பரவி, கிழக்கே போய்ப் பழவேற்காட்டு ஏரியில் சேரும். காலங்காலமாக அதுதான் அதன் பாதை. கழனியைத் தாண்டியதும், அந்தப் பாதைக்குக் குறுக்கேதான் சரக்கு முனையம் வருகிறது. இரயில் பெட்டிகள் நிற்க நிலத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் அது ஒரு பெரிய மண்கரை. அந்தக் கரையின் வயிற்றில் நீருக்கு வழி விட வேண்டும். பாலமாக விட்டால் நீர் போய்விடும். குழாயாகப் பதித்தால் செத்தையும் பிளாஸ்டிக்கும் அடைத்து நீர் நின்றுவிடும். நின்றால் முதலில் புகும் வீடு கிரேஸின் வீடு.

பாலமா, குழாயா? கதை அவ்வளவுதான். நீங்கள் எங்கும் தொலைந்துபோக மாட்டீர்கள்.

ஆய்வு நிறுவனம் தயாரித்த அறிக்கை இதற்கு ஒரு விதி வைத்திருந்தது: குடியிருப்பு அருகில் இருந்தால் பாலம், இல்லையென்றால் குழாய். நல்ல விதிதான். பிறகு அறிக்கை சொன்னது: "இப்பகுதியில் அருகில் குடியிருப்பு ஏதுமில்லை. குழாய்கள் போதுமானவை."

அதே அறிக்கையில் பழவேற்காட்டுப் பூநாரைகளுக்குத் தனி அத்தியாயம் இருந்தது. அவை எப்போது வருகின்றன, என்ன உண்கின்றன, எந்த ஓசைக்கு அஞ்சுகின்றன என்பதெல்லாம் படத்தோடு இருந்தது. பூநாரைகள்மீது எனக்குப் பகை இல்லை. அவை நிற்கும் நீரும் கிரேஸின் வாசலைத் தொட்டுப் போகும் நீரும் ஒரே நீர்தான். ஆனால் பறவைக்கு ஓர் அத்தியாயம் தந்தவர்கள் கிரேஸுக்கு ஒரு புள்ளி தந்திருக்கலாம்.

3

பிழை எங்கே நேர்ந்தது? இந்தக் காட்சியை இருமுறை எழுதினேன்.

முதல் வரைவு: "பேராசை பிடித்த குப்புராஜ், கோணல் சிரிப்போடு அளவையாளரைத் தனியே அழைத்துச் சென்று—"

இல்லை. குப்புராஜ் பேராசைக்காரர் அல்லர். குணசுந்தரியின் கணவர், நெல் விளைவிப்பவர், யார் வந்தாலும் மோர் கொடுப்பவர். அவரைக் கொடியவனாக்க ஒரு வாரம் முயன்றேன். ஒவ்வொரு முறையும் மோர்ச் செம்போடு வந்து நின்றார்.

இரண்டாம் வரைவு. அக்கினி வெயில். வசந்தகுமார் என்ற இளம் பொறியாளர் கையில் அளவைக் கருவியோடு ஊருக்குள் வருகிறார். குப்புராஜ் தம் நீல டிராக்டர் நிழலில் அவரை உட்காரவைத்து மோர் தருகிறார்.

"ஊரோட கடைசி வீடு எதுண்ணே? அதைக் குறிச்சிட்டா என் வேலை முடிஞ்சுது."

"வா நைனா, காட்றேன். இந்த வெயில்ல உன்ன இன்னாத்துக்கு அனுப்புனாங்க? பேஜாரு."

குப்புராஜ் அவரைக் கோயில் தெரு வழியே அழைத்துப் போய், திருவிழாவில் அம்மன் ஊர்வலம் திரும்பும் மூலையில் நிறுத்தினார். அதற்கு அப்பால் அம்மன் போனதில்லை. ஆகவே அதற்கு அப்பால் ஊர் இருந்ததில்லை. ஆண்டுதோறும் தோளில் சாமி தூக்கி அந்த மூலையில் திரும்பியவருக்கு அதுதான் எல்லை.

"இதோ, எங்க சித்தப்பா ஊடு. இதான் கடைசி."

"அந்தாண்ட?" முள்வேலிப் புதருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார் வசந்தகுமார்.

"ஒண்ணுமில்ல நைனா, பள்ளம்."

கருவி ஒருமுறை ஒலித்தது. அந்த ஒலியில் ஒரு காலனி கரைந்தது.

(வானிலிருந்து எடுத்த படத்தில் வீடுகள் தெரியாதா என்று கேட்கும் விழிப்புள்ள வாசகருக்கு: தெரிந்தன. அலுவலகத்தில் இருந்தவர்கள் அந்தக் கூரைகளைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றுமில்லை என்று ஊரே சொல்லியிருந்ததால், "பயன்பாடற்ற கொட்டகைகள்" என்று எழுதிக்கொண்டார்கள்.)

குப்புராஜ் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையின் கொடுமை. பொய் சொல்லியிருந்தால் துண்டறிக்கையிலேயே முடித்திருப்பேன்.

4

கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஆடி வெள்ளியன்று வைத்தார்கள். நாள் குறித்த அதிகாரி இந்த மாவட்டத்துக்குப் புதியவர் போலும். ஆடி வெள்ளியில் நாணல்பாக்கத்து ஊர்த்தெரு முழுவதும் வேன் ஏறிப் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போய்விடும்.

எனவே கூட்டம் நடந்த கல்யாண மண்டபத்தில், மணமேடையில் அதிகாரிகளும், எதிரே காலனி மக்களும் இருந்தார்கள். நாற்காலிகள் நிரம்பியிருந்தன. தலைமை வகித்த அதிகாரி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நாணல்பாக்கம் கிராமத்துல இருந்து யாரும் வரலையா?"

கிரேஸ் எழுந்தார். "நாங்க வந்துகிறோமே சார்."

"நீங்க எந்த ஊரும்மா?"

"நாணல்பாக்கம்தான் சார்."

"கிராமமே பெரியபாளையம் போயிருக்குன்னு சொன்னாங்களே?"

"ஊர்க்காரங்க போயிக்கிறாங்க சார். நாங்க காலனி. எங்களுக்குக் கோயில் ஞாயித்துக்கிழமைதான். இன்னிக்கு ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு வந்துகிறோம்."

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார்; நல்ல மனிதர். (இவரையும் கெட்டவராக்க முயன்று தோற்றேன்.) திரையில் வரைபடம் விரிந்தது. வசந்தகுமார் சிவப்பு ஒளிப்புள்ளி ஒன்றை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

"சார், இந்த ரயில் வரட்டும். எனக்கு வேணாம்னு இல்ல," என்றார் கிரேஸ். "எங்க ஊட்டாண்டயே வேலை கெடச்சா நான் இன்னாத்துக்குப் பஸ்ல தொங்கிக்கினு போறேன்? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் படத்துல எங்க ஊடு எங்க கீது?"

"எந்தத் தெரு மேடம்?" என்றார் வசந்தகுமார்.

"அந்தப் பச்சையா கீது பாருங்க, அதுக்குக் கீழ. இன்னும் கீழ. லைட்ட எறக்குங்க சார். ஆங், அங்கதான். அப்படியே நிக்கட்டும்."

சிவப்புப் புள்ளி, "பயன்பாடற்ற கொட்டகைகள்" என்ற எழுத்துகளின்மேல் நின்றது.

"கிரேஸக்கா! கொட்டாயிலயா குடிகீற? சொல்லவே இல்ல!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நீ எதிர்க் கொட்டாய் ஜெபா. சும்மா குந்து," என்றார் கிரேஸ் திரும்பாமலே. "அந்தக் கொட்டாய்க்கு மாசாமாசம் கரண்ட் பில்லு வருது சார். மாடியில தொளசிச் செடி கூட வெச்சிக்கிறேன், இருமலுக்கு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வசந்தகுமாரின் முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

"மேடம், சத்தியமா நாங்க கேட்டோம். ஒரு அண்ணன் கூடவே வந்து கடைசி வீட்டைக் காட்டினாரு. மோர் குடுத்தாரு. வாசல்ல நீலக் கலர் டிராக்டர் நின்னுது."

"குப்புராஜு!" என்றது மண்டபம், ஒரே குரலில்.

அதிகாரி தம் உதவியாளரோடு காதோடு காது பேசினார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றதை ஆட்சேபணையா எழுதிக்கிறேன். ஆனா அறிக்கையிலயே தப்புன்னு எழுதணும்னா, காட்டினவர் வந்து சொல்லணும். இன்னிக்கு, கூட்டம் முடியறதுக்குள்ள."

வாசகர்களே, கவனித்தீர்களா? தம் வீடு இருக்கிறது என்பதை அந்த வீட்டில் வாழ்பவர் சொன்னால் அது ஆட்சேபணை. ஊரார் சொன்னால் அது உண்மை. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் மேடை ஏறியிருப்பேன். இங்கே ஏற முடியாது. கிரேஸ் அதற்குள் வாசலுக்குப் போய்க் கைபேசியை எடுத்துவிட்டார்.

5

"அக்கா, எங்க கீற?"

(கிரேஸின் தாயார் குணசுந்தரியை 'அம்மா' என்றுதான் அழைத்தார். கிரேஸ் 'அக்கா' என்கிறார். குப்புராஜுக்கு இது இன்னும் பழகவில்லை. குணசுந்தரிக்குப் பழகிவிட்டது.)

"கோயில்ல கீறேன் கிரேஸு. இப்பதான் வேப்பஞ்சேலை கட்டிச் சுத்தி முடிச்சேன். இன்னா, ஊர்ல எதுனா ஆயிடுச்சா?"

"உன் ஊட்டுக்காரரு வெயில் காலத்துல ஒரு இன்ஜினியருக்கு மோர் குடுத்தாரா?"

"ஆமா, குடுத்தாரு. மோருக்கா போன் பண்ற?"

"அந்த மோருல என் ஊடு போச்சுக்கா."

கிரேஸ் நடந்ததைச் சொன்னார். குணசுந்தரி கேட்டுவிட்டு, அடுப்பில் கோழி வேகவைத்துக்கொண்டிருந்த கணவரிடம் போனார்.

"வண்டிய எடு."

"கோழி இன்னும் வேவல."

"வேவட்டும். நீ எடு."

"ஏய், நம்ம நெலத்த அவங்க எடுக்கலயே, உனுக்கு இன்னா?"

"எடுத்திருந்தாகூடத் தேவல. எடுக்காம முழுவ உடப்போறாங்க. கிரேஸு ஊட்ல தண்ணி நின்னா, நம்ம கழனியிலயும்தான் நிக்கும். நடவு நட்டுட்டு நீ போய் அதுல நீச்சல் அடி."

குப்புராஜ் வண்டியை எடுத்தார்.

6

ஒரு சிக்கல். குணசுந்தரி வேப்பிலை ஆடையைக் களையவில்லை. நேரமில்லை. சேலைக்கு மேல் கழுத்திலிருந்து கணுக்கால் வரை வேப்பிலைக் கொத்துகள், ஈரம் சொட்டச் சொட்ட.

இந்த நேர்த்திக்கடனைப் பற்றி நான் மேடைகளில் பேசியவை பல. அவற்றில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. அடுத்த வரைவில் அவரைச் சாதாரணச் சேலையில் வரவழைத்துப் பார்த்தேன். காட்சி படுத்துவிட்டது. என் கதாபாத்திரங்கள் என் இயக்கத்தின் உறுப்பினர்கள் அல்லர் என்பதை ஒப்புக்கொண்டு, இலைகளைத் திரும்பக் கட்டிவிட்டேன்.

அவர் மண்டபத்தில் நுழைந்ததும் பத்திரிகையாளர்கள் பாய்ந்தார்கள். அதிகாரி எழுந்தே விட்டார்.

"அம்மா! நூதனப் போராட்டமெல்லாம் வெளிய வெச்சுக்குங்க. உள்ள அனுமதி இல்ல."

"போராட்டம் இல்ல சார். வேண்டுதல்."

(மறுநாள் செய்தித்தாளில்: "சுற்றுச்சூழலைக் காக்க இலை உடுத்தி வந்த பெண் விவசாயி." குணசுந்தரி அந்தப் படத்தை வெட்டி வைத்திருக்கிறார். செய்தி தவறு, படம் நன்றாக இருக்கிறது என்பது அவர் கருத்து.)

பிறகு ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, குணசுந்தரி முழங்கினார்: "பெரியோர்களே! தாய்மார்களே! மேட்டுக்கு ஒரு நீதி, பள்ளத்துக்கு ஒரு நீதியா? பாயும் நீர் பார்க்காத பாகுபாட்டை, படித்த நீங்கள்—"

அடித்துவிடுங்கள். இது நான். அவருடைய வாய்க்குள் புகுந்துகொண்டு கைதட்டல் வாங்கப் பார்த்தேன். குணசுந்தரி ஒலிபெருக்கியை வாங்கவே இல்லை. கணவரை முன்னால் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

"இவருதான் சார்! மோர் அண்ணன்!" என்று வசந்தகுமார், நீரில் மூழ்குபவர் கட்டையைக் கண்டதுபோல் கூவினார்.

7

குப்புராஜ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கடைசி ஊடு எதுன்னு கேட்டாரு சார். சாமி எங்க திரும்புதோ அந்த ஊட்டக் காட்னேன். எங்க அப்பா காட்டியிருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பாரு. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

யாரும் சிரிக்கவில்லை. கிரேஸ் தம் இடத்திலிருந்தே சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"சாமி அந்த மூலையில திரும்பிடும்ணே. தண்ணி திரும்பாது. நேரா எங்க ஊட்டுக்கு வரும். அங்கயிருந்து உங்க கழனிக்கு வரும்."

இந்த இடத்தில் நான் மூன்று பத்திகள் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.

"சொல்லுய்யா," என்றார் குணசுந்தரி.

"ஏய், சும்மா இரு. ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

"ஊரு கோயில்ல கோழி தின்னுகினுகீது. இங்க நான் கீறேன். சொல்லு."

குப்புராஜ் மேடையைப் பார்த்தார்; மனைவியைப் பார்த்தார்; திரையில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அவர் பரம்பரையில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"எழுதிக்கோங்க சார். அந்தாண்ட ஊடுங்க கீது. எங்க ஊரு கடைசி ஊடு, கிரேஸு ஊடு."

உதவியாளர் எழுதிக்கொண்டார். பின்வரிசை கைதட்டியது. "அண்ணே, இப்ப எனக்கும் ஒரு மோரு!" என்றார் ஜெபா.

குப்புராஜ் இதைத் தம் கழனிக்காகச் சொன்னாரா, கிரேஸுக்காகச் சொன்னாரா, மனைவிக்கு அஞ்சிச் சொன்னாரா? எழுத்தாளனாகிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. கிரேஸிடமே கேட்டேன். "எதுக்கோ சொல்லட்டும் சார். சொல்லிட்டாரு இல்ல? நீங்க பாலத்தப் பாருங்க" என்றார்.

8

பாலத்தைப் பார்க்கலாம்.

மறு அளவைக்குப் பரிந்துரைப்பதாக அதிகாரி அறிவித்தார். முடிவை எடுப்பவர்கள் மேலே இருக்கிறார்கள். எழுத்து மூலமான கருத்துகளை இன்னும் சில நாள் வாங்குவார்கள். கூட்டம் கலைந்தது. ஐப்பசி மழைக்கு முன் முடிவு வந்தாக வேண்டும்.

முதல் முடிவு: பாலம் வருகிறது. அடைமழையில் நீர் கரைக்கடியில் புகுந்து கிழக்கே பாய்கிறது, கிரேஸ் மாடியில் நின்று சரக்கு வண்டிக்குக் கை அசைக்கிறார், தொலைவில் பூநாரைகள். இதை எழுத எனக்குக் கொள்ளை ஆசை. எழுதினால் நீங்கள் மகிழ்ந்துவிட்டுத் தூங்கப் போவீர்கள்.

இரண்டாம் முடிவு: குழாய். கிரேஸ் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி, கட்டிலின் காலுக்குச் செங்கல் தேடி—

எழுத மாட்டேன். எழுதினால் அழுதுவிட்டுத் தூங்கப் போவீர்கள்.

மூன்றாம் முடிவு, மேடை முடிவு: அடுத்த ஆடியில் அம்மன் அந்த மூலையில் திரும்பாமல் நேரே காலனிக்குள் போகிறாள். குப்புராஜ் இதைப் படித்துப் பார்த்தார். "சார், எல்லாத்தையும் ஒரே கதையில கேட்டா எப்படி சார்?" என்றார். கேட்பேன். ஆனால் முதலில் நீர் போகட்டும்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. என் கையில் இருக்கவும் கூடாது. நாணல்பாக்கம் என்று ஓர் ஊர் கிடையாது; அதை நான் கட்டினேன், கிரேஸின் வீட்டையும் நானே எழுப்பினேன். அந்தப் பெயரில் நீங்கள் கடிதம் போட்டால் தபால்காரர் திருப்பிக் கொண்டுவருவார். ஆனால் உங்கள் ஊருக்குப் பெயர் இருக்கிறது. அங்கேயும் ஒரு திட்டம் வருகிறது: சாலையோ, ஆலையோ, முனையமோ. அங்கேயும் பள்ளத்தில் வீடுகள் இருக்கின்றன. எழுந்திருங்கள்! கூட்டம் எந்த நாள் என்று கேளுங்கள். தமிழில் அறிக்கை கேளுங்கள். தர மறுத்தால் தரும் வரை நில்லுங்கள். மேட்டில் வாழ்பவரானால் பள்ளத்தில் வாழ்பவரையும் அழைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள். பள்ளத்தில் வாழ்பவரானால் அழைப்புக்குக் காத்திராமல் போய் உட்காருங்கள். வெள்ளைத் தாளில் உங்கள் ஊரின் பெயரை எழுதுங்கள். அதன் கீழே, "எங்களுக்குக் குழாய் போதாது, பாலம் வேண்டும்" என்று எழுதுங்கள். கையொப்பமிடுங்கள். இந்தக் கதையைக் கீழே வைத்துவிட்டு, மழைக்கு முன்னால், இன்றே எழுதுங்கள்.